தராசில் ஏறிய விரதம்

சென்ற வாரம் நாம் லீலாவை விட்டுவிட்டு வந்தபோது, அவள் அடுப்பங்கரைச் சுவரில் கரித்துண்டால் முப்பதாவது கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பது கோடு என்றால் முப்பது இரவு. அந்த முப்பது இரவும் அவள் கணவன் பொன்னுவேல் வீட்டில் ஒரு பருக்கை சோறு தொடவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை ஏதும் இல்லை. டாக்டரம்மாவின் உத்தரவு அப்படி.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. பொன்னுவேல் பதினோரு வருஷமாகக் கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவன். பகல் பதினொன்றரைக்கு வண்டியைக் கீழே இறக்கி, கொடை ரோடு ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு, வத்தலக்குண்டில் இருபது நிமிஷம் நிறுத்தி, மறுபடி மலையேறி வந்து சேர இரவு ஒன்பதாகும். கணக்கை ஒப்படைத்துவிட்டு நாயுடுபுரத்தில் இருக்கும் வீட்டுக்கு நடந்து வரும்போது பத்து.

ஆறு மாதம் முன்பு வேறொரு டிரைவருக்கு வளைவில் தலை சுற்றி, பஸ் கட்டைச்சுவரில் உரசிக்கொண்டு நின்றது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கம்பெனி விழித்துக்கொண்டது. மலையில் வண்டி எடுப்பவர்கள் எல்லாரும் பொங்கலுக்குள் டாக்டர் சீட்டு கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் திண்டுக்கல் பக்கம் சமவெளி ரூட்டுக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டது. பொன்னுவேலை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்த டாக்டரம்மா, நூற்றுத் தொண்ணூற்றாறு ராத்தல், அதாவது பவுண்டு, என்று எழுதிக்கொண்டு, ரத்தக் கொதிப்பும் கொஞ்சம் இருக்கிறது, எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். "ராத்திரி பத்து மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு அப்படியே படுக்கிறீங்க. அதான் சதை போடுது. ஏழு மணிக்குள்ள சாப்பாட்டை முடிச்சிடுங்க" என்பது அவர் சொன்ன வைத்தியம்.

லீலா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அன்று முதல் இரவுச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கட்டிக் கணவன் கையில் கொடுத்தனுப்பினாள். வத்தலக்குண்டில் ஆறரை மணிக்கு அவன் அதைச் சாப்பிடுவான். இரவு வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டுப் படுப்பான்.

இன்று முப்பத்தோராவது நாள். மறுபடி எடை பார்க்கும் நாள்.

மார்கழிப் பனி வாசல் புல்லில் வெள்ளையாக விழுந்து கிடந்தது. லீலா அடுப்பில் காப்பித் தண்ணீரை ஏற்றிவிட்டு, கரிக்கோடுகளை ஒருமுறை விரலால் தொட்டு எண்ணினாள்.

"வெள்ளனே எந்திரிச்சு செவத்துல என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று கேட்டுக்கொண்டே சண்முகவள்ளி வந்தாள். பொன்னுவேலின் அக்கா. புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். ஏழு ரோடு பக்கத்தில் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அந்த எடை மெஷினுக்கு எஜமானி அவள்தான் என்று சொல்லலாம். வருகிறவர் போகிறவரையெல்லாம் அதில் ஏற்றி இறக்குவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

"முப்பது ஆச்சு மதினி. ஒருநாள்கூடத் தப்பல" என்றாள் லீலா.

"தப்பலன்னு உனக்கு எப்பிடித் தெரியும்? அவன் திங்கிறது வத்தலக்குண்டுல. நீ இருக்கிறது நாயுடுபுரத்துல."

"தூக்குவாளி கழுவித் தொடச்சுல்ல வருது."

"அதுவும் சரிதான்" என்று சண்முகவள்ளி காப்பியை வாங்கிக்கொண்டாள். பிறகு லீலாவின் கையைப் பார்த்தாள். டம்ளரை நீட்டிய கையில் கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரைக்கும் சரிந்தன. சண்முகவள்ளி என்னவோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து பொன்னுவேல் மப்ளரைத் தேடிச் சத்தம் போட்டதால் அந்தப் பேச்சு அப்போதைக்கு நின்றுபோனது.

லீலாவின் மனசில் ஒரு ரகசியம் இருந்தது. அவள் பழனியில் பிறந்தவள். அடிவாரத்தில் அவள் அப்பாவுக்குப் பூக்கடை. கார்த்திகை என்றும் சஷ்டி என்றும் மாதத்தில் பாதிநாள் யாராவது ஒருவர் விரதம் இருக்கும் வீடு அது. ஆகவே டாக்டரம்மா சொன்ன வைத்தியத்தோடு தன் பங்குக்கும் ஒரு வைத்தியம் சேர்த்துக்கொண்டாள். 'முருகா, அவருக்கு எடை குறைஞ்சு சீட்டு கெடைக்கிற வரைக்கும் ராத்திரிச் சோறு நான் தொடமாட்டேன்' என்று முதல் நாளே வேண்டிக்கொண்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விரதத்துக்குப் பலன் இல்லை என்பது அவள் அம்மா சொல்லிக்கொடுத்தது.

சமவெளிக்குப் போவதில் அப்படி என்ன வந்துவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். லீலாவுக்கு அது பெரிய விஷயம். மகன் ஞானவேல் படிப்புக்காகப் பழனியில் மாமன் வீட்டில் இருக்கிறான். அவனை வருஷத்தில் நாலு தடவைதான் பார்க்க முடிகிறது. கணவனையும் வாரத்துக்கு ஒருநாள் விருந்தாளி மாதிரி பார்க்க அவளால் முடியாது. அதைவிட முக்கியம், மலைப்பாதையின் வளைவுகளைத் தூக்கத்தில்கூடக் கையால் திருப்பிக் காட்டுகிறவன் அவன். அதை அவனிடமிருந்து பிடுங்கிவிட்டால் அவன் உள்ளுக்குள் ஒடிந்துபோவான் என்று அவள் பயந்தாள்.

ஒன்பது மணிக்கு மூவருமாக ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள்.

பொன்னுவேல் எடை மெஷினில் ஏறிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். முதலில் கம்பளிக் கோட்டைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தான். சண்முகவள்ளி மெஷின் கம்பியில் இருந்த எடைக்குண்டை நகர்த்தினாள், முகம் சுளித்தாள். அவன் இறங்கி மப்ளரைக் கழற்றினான். பிறகு செருப்பை. பிறகு சட்டைப்பையில் இருந்த சாவிக்கொத்தை, வெற்றிலைப் பொட்டலத்தை.

"சட்டையக் கழட்டாத. ஆஸ்பத்திரி இது" என்றாள் சண்முகவள்ளி.

"எம்புட்டுக்கா?"

"நூத்தித் தொண்ணூத்தஞ்சரை."

ஒரு மாதத்துக்கு அரை ராத்தல். அந்த அரையும் வெற்றிலைப் பொட்டலமாக இருக்கலாம். லீலா மெஷினையே பார்த்தாள். முப்பது நாள் வெள்ளனே எழுந்து, இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சமைத்து, தூக்குவாளி கட்டி, கரிக்கோடு போட்டு, கடைசியில் வெற்றிலைப் பொட்டலத்தின் எடைதான் குறைந்திருக்கிறதா?

டாக்டரம்மா எடை எழுதிய சீட்டைப் பார்த்தார், பொன்னுவேலைப் பார்த்தார். நாற்பது வயதுக்காரர். அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

"மிஸ்டர் பொன்னுவேல், நான் சொன்னதை நீங்க செய்யலை."

"செஞ்சேன் டாக்டரம்மா. சத்தியமாச் செஞ்சேன். ஏழு மணிக்கு மேல வெந்நியத் தவிர ஒண்ணும் உள்ள போகல."

"ஆமாங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் லீலா.

அவள் பேசியதும்தான் டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். திரும்பிய பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

"நீங்க ஏறுங்க மெஷின்ல."

"எனக்கு என்னங்க? எனக்கு ஒண்ணுமில்ல."

"ஏறு புள்ள" என்று சண்முகவள்ளி கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். குண்டை நகர்த்தினாள். மறுபடி நகர்த்தினாள். நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னாள்:

"எம்பத்திரண்டு. போன மாசம் தம்பியக் கூட்டிக்கிட்டு வந்தன்னிக்கு சும்மா வெளயாட்டுக்கு இவளையும் ஏத்தி, ரிஜிஸ்தர் கடேசிப் பக்கத்துல குறிச்சு வச்சேன் டாக்டரம்மா. தொண்ணூத்தொண்ணு."

பொன்னுவேல் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவன் ஒரு காலில் அப்படியே நின்றான்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு லீலாவை உட்காரச் சொன்னார். நாடி பார்த்தார், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், முதுகில் குழாய் வைத்து மூச்சை இழுத்துவிடச் சொன்னார். எல்லாம் முடிந்தபின், "நெஞ்சு க்ளியரா இருக்கு. ராத்திரி எப்ப சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

லீலா சண்முகவள்ளியைப் பார்த்தாள்.

"தம்பி வந்தப்புறம்தான் சாப்பிடுவா" என்றாள் சண்முகவள்ளி. "கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்பிடித்தான். நான் சொல்லிப் பாத்துட்டேன். புருசன் திங்காம நான் எப்பிடித் திங்கிறதுன்னு கேப்பா. நான் எட்டு மணிக்குத் தின்னுட்டுப் படுத்துருவேன்."

"அவர்தான் இப்ப வீட்ல சாப்பிடறதே இல்லையே. இந்த ஒரு மாசமா நீங்க எப்ப சாப்பிட்டீங்க?"

இனி மறைத்துப் பயனில்லை. லீலா புடவைத் தலைப்பைப் பார்த்தபடி சொன்னாள். "சாப்பிடலீங்க. இவுகளுக்கு எடை கொறையணும்னு முருகனுக்கு வேண்டிக்கிட்டு, ராத்திரி விரதம் இருந்தேன்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "சாமி கொடுத்திருக்காரும்மா. ஒம்பது ராத்தல். ஆளைத்தான் மாத்திக் குறைச்சிட்டாரு."

பொன்னுவேல் சிரிக்கவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். இரண்டு கையாலும் மப்ளரைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"டாக்டரம்மா, நான் ஒண்ணு சொல்லணும். இவ முன்னாடியே சொல்லிர்றேன். வத்தலக்குண்டுல நான் பஸ்ஸ நிப்பாட்டறது சேனாதிபதி ஹோட்டல் வாசல்ல. டிரைவரு கண்டக்டருக்கு உள்ள தனி பெஞ்சு, எல போட்டுச் சாப்பாடு. காசு கெடையாது. வண்டிய அங்க நிப்பாட்டறதுக்காக அது. நாப்பது பேரு இறங்கித் திம்பாகள்ல. நான் ஒருநாளு திங்கலன்னா, எதுத்த ஹோட்டலுக்கு வண்டிய மாத்தப் போறேன்னு சேனாதிபதி அண்ணாச்சி நெனச்சுக்கிருவாரு. அவரு வேற எங்க பஸ் முதலாளிக்கு மச்சினன். அதனால தெனமும் ஆறரைக்கு அங்க ஒரு முழுச் சாப்பாடு."

"தினமுமா?"

"பதினோரு வருசமா."

"அப்ப ராத்திரி பத்து மணிக்கு வீட்ல?"

"அது ரெண்டாவது." அவன் லீலாவைப் பார்க்காமல் சொன்னான். "நான் தின்னுட்டேன்னு சொன்னா இவ பட்டினியாப் படுத்துருவா. கல்யாணமான புதுசுல ஒருநாளு சொன்னேன், படுத்துட்டா. அதுலேருந்து சொல்றதில்ல. நான் ஒக்காந்து தின்னாத்தான் இவளும் திம்பா."

"இந்த ஒரு மாசம்?"

"தூக்குவாளிச் சோத்தையும் ஆறரைக்கே தின்னுட்டேன். இவ கட்டிக் குடுத்தத யாருக்காவது குடுக்க மனசு வரல. சேனாதிபதி சோத்தையும் விட முடியல."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"ராத்திரி நேரம் கழிச்சுச் சாப்பிட்டா சதை போடும்னு நான்தான் சொன்னேன். எல்லாரும் சொல்றதை நானும் சொன்னேன். இப்ப நீங்களே எனக்குப் பாடம் நடத்திட்டீங்க. பத்து மணிச் சாப்பாட்டை ஆறரைக்கு மாத்துனீங்க. அளவை மாத்தலை. மெஷினும் அசையலை. இவங்களும் உங்களோட அதே பத்து மணிக்குத்தான் பதினோரு வருஷம் சாப்பிட்டிருக்காங்க. உங்களுக்குச் சதை போட்டுது, இவங்களுக்கு எலும்பு தெரியுது. அப்ப நேரத்தை மட்டும் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்? படுக்கப்போற நேரத்துல வயிறு நெறையச் சாப்பிட்டா நெஞ்சு கரிக்கும், தூக்கம் கெடும். அது வேற. எடைக்கு, ரெண்டு ராச்சாப்பாடு ஒண்ணாகணும். எங்க வேணாச் சாப்பிடுங்க. ஒண்ணுதான்."

"சீட்டு?" என்று கேட்டான் பொன்னுவேல்.

"பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி வாங்க. இன்னும் பதினாலு நாள் இருக்கு. பத்து ராத்தல் குறையாதுன்னு எனக்குத் தெரியும். மூணு குறைஞ்சிருந்தா போதும், வழிக்கு வந்துட்டீங்கன்னு நம்பிக் கையெழுத்துப் போடறேன். ஆனா," என்று லீலாவைக் காட்டினார், "இவங்களையும் மெஷின்ல ஏத்துவேன். இவங்க எடை ஏறியிருக்கணும். ஏறலைன்னா உங்க சீட்டுல நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஏழு மணிக்கே இவங்க வயிறாரச் சாப்பிடணும். உங்களுக்காகக் காத்திருக்கக் கூடாது."

லீலா நிமிர்ந்தாள். "இவுக வர்றதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

திரும்பி வரும் வழியில் சண்முகவள்ளி கூட இல்லை, வேலைக்கு நின்றுவிட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் ரோட்டோரமாக நடந்தார்கள். வில்பட்டியிலிருந்து காய்கறி மூட்டை ஏற்றிய கோவேறு கழுதைகள் எதிரே வர, ஒதுங்கி நின்றார்கள். அவை போன பின்பும் லீலா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"தெனம் ராத்திரி வாசல்லயே, பசி உயிர் போகுது வெரசாத் தட்டப் போடுன்னு சொல்லுவீகளே. அதெல்லாம் பொய்யா?"

"பசி மட்டுந்தான் பொய்யி" என்றான் பொன்னுவேல்.

அவளுக்குக் கோபம் வந்தது. பதினோரு வருஷமாக, நிறைந்த வயிற்றில் இவர் எனக்காக அடைத்துக்கொண்டிருக்கிறார். நான் இவருக்காக மத்தியானத்திலிருந்து காய்ந்துகொண்டிருக்கிறேன். யாருக்காக யார் சாப்பிட்டது, யாருக்காக யார் சாப்பிடாமல் இருந்தது என்று நினைத்தால் தலை கிறுகிறுத்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தையைத்தான் இரண்டு பேரும் சொல்லவில்லை.

"ஒம்பது ராத்தல் எளச்சிருக்க" என்றான் அவன். "நான் பாக்கவே இல்ல. வர்றேன், வெந்நி குடிக்கிறேன், படுக்கிறேன். வெளக்கு வெளிச்சத்துல உன் மூஞ்சிய நான் பாக்கல லீலா."

அவன் குரல் அப்படி இறங்கி அவள் கேட்டதில்லை. கோபம் பாதியில் நின்றுவிட்டது.

"இன்னிக்கித் தூக்குவாளி கட்டவா?" என்று கேட்டாள்.

"வேணாம். ஒண்ணுதான்னு சொல்லிட்டாகள்ல. சேனாதிபதி சோத்த விட முடியாது, அங்கயே தின்னுக்கிறேன். நீ ஏழு மணிக்குத் தின்னுட்டுப் படு. எனக்காக முழிச்சிருக்காத."

அது சரியான யோசனைதான். ஆனாலும், விடப்போவது வீட்டுச் சோறா என்று லீலாவுக்குச் சுருக்கென்றது.

பகல் போனது. விளக்கு வைக்கும் நேரம் வந்தது. லீலா சாமி படத்துக்கு முன்னால் நின்று, வடக்கே பழனி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். 'முருகா, பாதியில விடறேன். கோவிச்சுக்காத. நான் தின்னாத்தான் அவுகளுக்குச் சீட்டாம்' என்று சொன்னாள். சொன்னபின், இதில் சாமி கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்றே பட்டது.

ஏழு அடித்தது. சோறும் வில்பட்டிப் பூண்டு போட்ட குழம்பும் முட்டைக்கோஸ் பொரியலும் தயாராக இருந்தன. அவள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாளே தவிர உட்காரவில்லை.

"என்ன நிக்கிற?" என்றாள் வேலை முடிந்து வந்திருந்த சண்முகவள்ளி.

"அவுக இப்பத்தான் மலையடிவாரத்துல இருப்பாக மதினி."

"இருக்கட்டும். அவனுக்கு ஸ்டேரிங்கு இருக்கு. நீ ஒக்காரு."

சண்முகவள்ளி தோளை அழுத்தி அவளை உட்கார வைத்தாள். தட்டைப் போட்டு, தானே சோற்றை அள்ளி வைத்து, குழம்பை ஊற்றினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் லீலாவுக்கு யாரும் பரிமாறியதில்லை. சண்முகவள்ளிக்கும் அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கரண்டியை வைத்தவள் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் கவளம் தொண்டையில் நின்றது. இரண்டாவது இறங்கியது. மூன்றாவதில் லீலாவுக்குப் பசித்தது. பசி என்றால் சாதாரணப் பசி இல்லை. ஏழு மணிப் பசி எப்படி இருக்கும் என்பதையே அவள் மறந்திருந்தாள். தினமும் அது வரும், கேட்பாரில்லாமல் எட்டு மணிக்குப் போய்விடும், பத்து மணிக்கு வெறும் வழக்கம்தான் சாப்பிடும். இன்று வந்த பசிக்கு எதிரே சுடச்சுடச் சோறு இருந்தது.

"இன்னுங் கொஞ்சம் வைக்கவா?"

"வைங்க."

"இன்னும்?"

"ம்."

மூன்றாம் தடவை சோறு விழுந்தபோது லீலாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அழுகிறாள் என்று சொல்ல முடியாது, சாப்பிடுவதை அவள் நிறுத்தவில்லையே. சண்முகவள்ளி பார்த்தும் பார்க்காதவள் போலத் தன் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

இரவு பத்து மணி. முழிச்சிருக்காதே என்று சொல்லிவிட்டுப் போனால் லீலா தூங்கிவிடுவாளா? கதவு தட்டியதும் திறந்தாள். பொன்னுவேல் பெட்ரோல் வாசனையோடும் பனியோடும் உள்ளே வந்தான். கோட்டைக் கழற்றி மாட்டினான். வழக்கமாகச் சொல்லும் பொய்யை இன்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டான்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"நெசமா?"

"மதினியக் கேளுங்க. மூணு தடவை போட்டாக."

அவன் முகம் மலர்ந்தது. பலகையை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தான். "அப்ப எனக்குத் தட்டப் போடு."

லீலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "வத்தலக்குண்டுல திங்கலையா?"

"திங்கல. பெஞ்சுல ஒக்காந்தேன். எல போட்டாக. ஒண்ணுதான் திங்கணும்னு டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சு. ஒண்ணுதான்னா எதைத் திங்கிறது? எந்திரிச்சுட்டேன்."

"சேனாதிபதி அண்ணாச்சி?"

"இனிமே எனக்கு எல வேணாம் அண்ணாச்சி, டாக்டர் உத்தரவுன்னேன். நம்பல. எதுத்த ஹோட்டல்காரன் எம்புட்டுக் குடுத்தான்னு கேட்டாரு. வண்டி இங்கதான் நிக்கும், என் எல மட்டுந்தான் கெடையாதுன்னேன். காலைல முதலாளியப் பாக்கப் போறேன்னுட்டு உள்ள போயிட்டாரு."

டாக்டரம்மா கையெழுத்துப் போட்டாலும், முதலாளி முகம் திருப்பிக்கொண்டால் மலை ரூட்டு கையில் நிற்குமா? லீலா கேட்க நினைத்தாள். அதற்குள் அதைவிட அவசரமான ஒன்று நினைவுக்கு வந்தது. பானை.

அவள் மெதுவாகப் போய் மூடியைத் திறந்தாள். அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு கை, மிஞ்சிப்போனால் ஒன்றரைக் கை சோறு கிடந்தது. குழம்புச் சட்டியில் பூண்டு இல்லை, வண்டல்தான் இருந்தது. பொரியல் சுத்தமாக இல்லை.

"ஐயோ, நீங்க திங்கமாட்டீகன்னுதான்... நானே தின்னுட்டேன். கொஞ்சம் பொறுங்க, ஒலை வைக்கிறேன். அரை மணியில ஆயிரும்."

பொன்னுவேல் எழுந்து வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தான். லீலாவின் முகத்தையும் பார்த்தான். பிறகு தானே பானையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பலகையில் உட்கார்ந்தான்.

"ஒலை வேணாம். இது போதும். இன்னிக்கே ஒரு ராத்தல் கொறஞ்சுரும்."

கரண்டியால் அடியைச் சுரண்டித் தட்டில் போட்டு, வண்டலை ஊற்றிப் பிசைந்தான். சோறு ஆறிப் போய்க் கட்டி தட்டியிருந்தது. அடிப்பிடித்த கருகல் வாசனை அடித்தது. இரண்டு வாய் சாப்பிட்டான். மூன்றாவது வாயைக் கையில் எடுத்தவன் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.

"லீலா, நான் தின்னு எந்திரிச்ச பின்னாடி நீ ஒக்காருவ. அதுக்குள்ள நான் தூங்கிப்போயிருவேன். ஒருநாளும் நான் பாத்ததில்ல. இதத்தான் நீ தின்னியா?"

லீலா குழம்புச் சட்டியை நகர்த்தி வைத்தாள்.

"நான் வயிறு நெறஞ்சு வந்து நடுச்சோத்த அள்ளித் தின்னுட்டுப் போயிருவேன். நீ பசியோட இருந்து இதத் தின்னுருக்க."

"பசிச்சா இதுவும் ருசியாத்தான் இருக்கும்" என்றாள் அவள் மெல்ல.

அவன் மீதியையும் சாப்பிட்டான். ஒரு பருக்கை விடவில்லை. தட்டை அவளிடம் நீட்டாமல் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்தான். கதவுப் பக்கம் நின்று வெளியே பனியைப் பார்த்தான். காலையில் முதலாளி என்ன சொல்லப்போகிறார் என்பதைத்தான் நினைக்கிறான் என்று லீலாவுக்குத் தெரிந்தது.

"நாளைக்குச் சாயங்காலம் வத்தலக்குண்டுல வண்டிய எங்க நிப்பாட்டுவீக?" என்று கேட்டாள்.

"வண்டி எங்கிட்ட இருந்தா, அதே எடத்துலதான் நிப்பாட்டுவேன்." அவன் கதவைச் சாத்தினான். "அத நான் பாத்துக்கிறேன். நீ நாளைக்கும் ஏழு மணிக்குச் சாப்பிட்டிரு. நீ வயிறாரத் தின்னது போக மிச்சம் இருந்தா எனக்கு வை."

லீலா வெறும் பானையில் தண்ணீர் ஊற்றி ஊற வைத்தாள். பிறகு கரித்துண்டை எடுத்து, சுவரில் பழைய முப்பது கோடுகளுக்குக் கீழே, தன் ஏழு மணிச் சாப்பாட்டுக்கென்று புதிதாக ஒரு கோடு போட்டாள்.